பெரிய கடைகளுக்கு வண்ண மீன் விற்போர் கவனிக்க வேண்டியவை

வடலூர், குறிஞ்சிப்பாடி, நெய்வேலி சுற்று வட்டாரத்தில் அதிக நிலமில்லாத சிறு விவசாயிக்கும் ஏற்ற உபதொழில் வண்ண மீன் வளர்ப்பு. வீட்டின் பின்புறம் மூன்று நான்கு சிமெண்டுத் தொட்டிகள், நல்ல தண்ணீர், காலையும் மாலையும் சிறிது நேர வேலை ஆகியவை இருந்தால் தொடங்கி விடலாம். கறவை மாடு, நாட்டுக்கோழி போல இதுவும் இடைக்காலத்தில் கையில் காசு பார்க்க உதவும். மீனை வளர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கப் பலர் உள்ளனர். விற்பது எப்படி என்று சொல்பவர் குறைவு. அதிலும், எதை எடுத்தாலும் தள்ளுபடி என்று விளம்பரம் செய்யும் பெரிய கடை ஒன்று மொத்தமாக மீன் கேட்டால் கொடுக்கலாமா, கொடுத்தால் எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை விவசாயி முன்கூட்டியே யோசித்து வைத்திருத்தல் வேண்டும்.

ஐநூறு, ஆயிரம் என்று ஒரே இடத்தில் கேட்டால் மகிழ்ச்சி உண்டாவது இயற்கையே. கத்தரிக்காயை மொத்த வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்தால் அத்துடன் நம் கவலை தீர்ந்தது. மீன் அப்படிப்பட்ட சரக்கு அன்று. கடைத் தொட்டியில் அது உயிரோடு இருக்க வேண்டும். வாங்கிச் சென்றவர் வீட்டிலும் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் மீன் செத்து மிதந்தால் அந்த வீட்டுக் குழந்தை அழும். பெரியவர்கள் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்து விடுவார்கள். அந்த வீட்டில் பிறகு மீன் விற்பனையாகாது. இப்படி நூறு வீடுகளில் தொட்டி கவிழ்ந்தால், இழப்பு கடைக்காரருக்கு அல்ல. அவருக்கு வாளியும் பிஸ்கட்டும் விற்க இருக்கின்றன. தொட்டி கட்டிக் கடன் வாங்கியிருக்கும் விவசாயிக்குத்தான் இழப்பு.

வால்மார்ட் கண்ட முடிவு

மலிவு விலைப் பெருங்கடைகளுக்குப் பேர்போன நாடு அமெரிக்கா. அங்குள்ள வால்மார்ட் நிறுவனத்தின் கடைகள் பலவற்றில் பல்லாண்டுக் காலம் உயிருள்ள தங்க மீன்கள், கப்பிகள், சண்டை மீன்கள் ஆகியவை விற்கப்பட்டு வந்தன. தொட்டிகளில் இறந்த மீன்கள் அகற்றப்படாமல் கிடக்கின்றன என்று வாடிக்கையாளர் நெடுங்காலம் குறை கூறி வந்தனர். 2019-ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் உயிர் மீன் விற்பனையையே நிறுத்திக் கொண்டது. உலகிலேயே பெரிய சில்லறை வியாபார நிறுவனத்துக்குப் பணத்துக்கோ, இடத்துக்கோ, ஆளுக்கோ குறைவில்லை. அப்படியும் ஏன் முடியவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய கடையின் அமைப்பே மீனுக்கு ஒத்து வராதது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அங்கே வேலை செய்பவர் இன்று துணிப் பகுதியில் இருப்பார். நாளை மளிகைப் பகுதிக்கு மாற்றப்படுவார். மீனின் பசியும் நோயும் அறிந்த ஆள் ஒருவர் நிரந்தரமாக இருப்பது அரிது. அடுத்து, வரிசையாக அடுக்கிய தொட்டிகள் பலவற்றுக்கு ஒரே வடிகட்டியில் தண்ணீர் சுற்றி வருமாறு அமைப்பதுண்டு. இதனால் ஒரு தொட்டியில் தோன்றும் வெண்புள்ளி நோய் இரண்டு நாளில் எல்லாத் தொட்டிக்கும் பரவும். மூன்றாவது, விலை. சோப்பு வாங்க வந்தவர் மீன் மலிவாக இருப்பதைப் பார்த்து, குழந்தை கேட்கிறதே என்று ஒன்றை வாங்கிப் போகிறார். அவர் வீட்டில் தொட்டி இருக்காது. தண்ணீரும் தயாராக இருக்காது. ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் தொட்டிக் கடைகளுக்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. வட்டக் கிண்ணங்களில் மீனை வைப்பதற்குத் தடை போன்றவை அதில் இருந்தன. வண்ண மீன் வளர்ப்போரும் வியாபாரிகளும் கடுமையாக எதிர்த்தனர். விதிகள் பின்னர் விலக்கிக் கொள்ளப்பட்டன. 2018-இல் வந்த செல்லப் பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், கூண்டுப் பறவை போன்றவற்றைப் பற்றியவை. மீன் அதில் சேரவில்லை. ஆயினும் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் மனிதன் நீங்கலாக உயிருள்ள எல்லாவற்றையும் பிராணி என்றே கொள்கிறது. துன்பம் தரும் வகையில் எடுத்துச் செல்வதும், போதிய இடமின்றி அடைத்து வைப்பதும் அச்சட்டப்படி குற்றமே.

இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 16 வயதுக்குக் குறைந்தவருக்கு மீன் உள்ளிட்ட பிராணிகளை விற்கக் கூடாது. இத்தாலியின் ரோம் நகராட்சி 2005-லேயே வட்டக் கிண்ணங்களுக்குத் தடை விதித்தது. நம் ஊரில் பிறந்த நாள் விருந்துக்கு வரும் குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் குவளையில் ஒரு மீனைப் போட்டுப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் தோன்றியிருக்கிறது. ஐம்பது குவளை, ஐம்பது மீன் என்று ஆர்டர் வரும். பெரும்பாலானவை மறுநாள் சாக்கடைக்குப் போகும். இத்தகைய ஆர்டரை மறுத்து விடுவதே நலம்.

புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது?

இதனை விவசாயி நன்கு புரிந்து கொள்ள வேண்டும். ஏனெனில், "உங்கள் மீன் சரியில்லை" என்ற குற்றச்சாட்டு வரும்போது பெரும்பாலும் குறை மீனில் இருப்பதில்லை, தண்ணீரில்தான் இருக்கும்.

வயலில் யூரியா இட்டால் அது முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பது விவசாயிகள் அறிந்ததே. தொட்டியிலும் இதே வேலைதான் நடக்கிறது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. மிஞ்சிய தீனி அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. பழைய தொட்டியின் கூழாங்கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் குடியேறியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை மாற்றி விடுகின்றன. புதிதாக வாங்கிக் கழுவி வைத்த கண்ணாடித் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் கிடையா. அவை பெருகி வேலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை விட்டு, மூன்று வேளை தீனியும் போட்டால், மீன் தன் கழிவிலேயே நஞ்சுண்டு சாகும். தண்ணீர் பளிங்கு போலத் தெளிவாகத்தான் இருக்கும். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரரும் வாங்கியவரும் ஏமாறுவது இதனால்தான்.

கோடையில் நிலைமை மேலும் கெடும். தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். அம்மோனியாவின் நச்சுத் தன்மையோ கூடும். தண்ணீரின் காரத் தன்மை அதிகமானாலும் அப்படியே.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பெரிய கடைக்கு முதல் தடவை மீன் அனுப்புவதற்குப் பத்து நாள் முன்னதாக, நம் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சு வடிகட்டி ஒன்றை ஈரம் காயாமல் எடுத்துச் சென்று அவர்கள் தொட்டியில் பொருத்தலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போல இது வேலை செய்யும். முதலில் இருபது முப்பது மீன் மட்டும் விட்டு, அவை நன்றாக இருந்தால் பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம். நோயில்லாத தொட்டியின் பஞ்சாக இருத்தல் முக்கியம். இந்தப் பத்து நாள் பொறுக்க மாட்டேன் என்று சொல்லும் கடைக்கு மீன் கொடுக்காமலிருப்பது நமக்கு இலாபம்.

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது மீனின் செவுளை அரிக்கும், நுண்ணுயிர்களையும் கொல்லும். ஒரு நாள் திறந்த தொட்டியில் காற்றுப் பம்பு ஓட விட்டு வைத்தால் குளோரின் போய்விடும். நம் பகுதியின் ஆழ்குழாய்த் தண்ணீரில் வேறு குறை உண்டு. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் பிராணவாயு குறைவாகவும், கரியமில வாயு மிகுதியாகவும் இருப்பது வழக்கம். உயரத்திலிருந்து விழச் செய்து, ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். தொழில் தொடங்கும் முன் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பிக் கார அமிலத் தன்மை, கடினத் தன்மை, இரும்புச் சத்து ஆகியவற்றை அறிந்து கொள்ளவும். நம் தொட்டித் தண்ணீரும் கடைத் தொட்டித் தண்ணீரும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரிந்தால் பாதி இறப்பைத் தவிர்க்கலாம்.

எந்த மீனைக் கொடுக்கலாம்?

குட்டி போடும் இனங்களான கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகியவை புதிதாக வளர்ப்பவருக்கு ஏற்றவை. கப்பி நான்கு வாரத்துக்கு ஒரு முறை இருபது முதல் ஐம்பது குட்டி வரை போடும். பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்னாதபடி பாசி அல்லது வலைத்தடுப்பு வைத்தால் போதும். சிறு விவசாயிக்கு இவை கைவந்த மீன்கள். கடைக்கும் இவையே பாதுகாப்பானவை.

சண்டை மீனைப் பற்றித் தவறான எண்ணம் ஒன்று நிலவுகிறது. அது தண்ணீரின் மேல் வந்து காற்றைச் சுவாசிக்கக் கூடியது. ஆகவே உள்ளங்கை அளவு குவளையிலும் உயிரோடிருக்கும் என்று கடைகளில் வரிசையாகக் குவளைகளில் அடுக்கி வைக்கிறார்கள். ஆண் மீன்களைத் தனித்தனியே வைக்க வேண்டும் என்பது சரியே. ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆனால் குவளைத் தண்ணீரிலும் அம்மோனியா சேரும். சண்டை மீனைக் கொடுக்கும்போது, குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீராவது பிடிக்கும் கலத்தில் வைத்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீரை மாற்றி, ஓரிரு வாரத்துக்குள் விற்று விட வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். வாங்குபவர் வீட்டில் பத்து லிட்டர் தொட்டி வேண்டும்.

தங்க மீன்தான் அதிகம் விற்கிறது. அதிகம் சாவதும் அதுதான். இரண்டு அங்குலக் குஞ்சாக விற்கும்போது அழகாக இருக்கும் அந்த மீன், முறையாக வளர்த்தால் அரை அடிக்கு மேல் வளரும். பத்து ஆண்டுக்கு மேல் வாழும். மற்ற சிறு மீன்களைக் காட்டிலும் கழிவை அதிகமாக வெளிவிடுவது. அதைக் கிண்ணத்தில் விடுவது கன்றுக்குட்டியைக் கோழிக்கூண்டில் அடைப்பதற்குச் சமம். எண்பது லிட்டருக்குக் குறையாத தொட்டியும் வடிகட்டியும் வைத்திருப்பவருக்குத்தான் தங்க மீன். கோய் கெண்டை இரண்டு அடி வரை வளரக் கூடியது. அது தொட்டி மீனே அல்ல, குளத்து மீன். மலிவுக் கடைக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம்.

ஊசி மூலம் சாயம் ஏற்றிய மீன்களையும் சில வியாபாரிகள் கேட்பதுண்டு. நம் நாட்டுக் குளங்களில் கிடைக்கும் சின்னஞ்சிறு கண்ணாடி மீனுக்கு வெளிநாடுகளில் சாயம் ஏற்றி விற்ற கதை நெடுநாளையது. ஊசியில் தப்பிய மீனிலும் சாயம் சில மாதத்தில் மங்கி விடும். ஊசிப் புண் வழியே நோய் புகும். வாங்கி விற்கவும் வேண்டாம். ஏரியில் பிடித்த பால் ஆமையைத் தொட்டிக்குக் கேட்பவரும் உண்டு. அதைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

கடல் வண்ண மீன்களில் பல, பவளப் பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. ஆனால் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து வளர்க்கும் முறையை நமக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் செய்து காட்டியிருக்கிறது. உப்புத் தண்ணீர் வசதியில்லாத நம் பகுதிக்கு இது நேரடியாகப் பயன்படாது.

வெள்ளமும் ஏரி மீனும்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாவட்டம் வெள்ளத்துக்குப் பழகிய மாவட்டம். 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பகுதிகள் பட்ட பாடு யாருக்கும் மறந்திராது. 2024-இல் ஃபெஞ்சல் புயலின் போதும் மாவட்டத்தில் வெள்ளம் வந்தது. மண் குட்டையிலோ உயரம் குறைந்த தொட்டியிலோ இருக்கும் மீன், வெள்ளத்தோடு வாய்க்காலுக்கும் பரவனாற்றுக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும்.

கேரளத்தில் 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பிறகு தென் அமெரிக்க மீனான அரபைமாவை ஆறுகளில் மீனவர்கள் பிடித்தனர். யாரோ அழகுக்காக வளர்த்த மீன். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து மற்ற மீன்களைத் தின்னும் இனம் அது. நம் கடைகளில் தொட்டியின் பாசியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. இரண்டு அங்குலத்தில் வாங்குவார்கள்; ஓர் அடிக்கு மேல் வளர்ந்ததும் தொட்டி கொள்ளாது. கொல்லவும் மனமில்லாமல் ஏரியில் கொண்டு போய் விடுவார்கள். இந்த மீன் கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கிழித்து, மற்ற மீன்களின் முட்டையையும் உணவையும் தின்று தீர்த்துத் தொல்லை கொடுத்து வருகிறது. உடல் முழுவதும் முள்ளும் ஓடுமாக இருப்பதால் சந்தையில் விலை போவதில்லை.

நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும், அதன் வழியே பெருமாள் ஏரிக்கும் செல்கிறது. அந்த ஏரிகளில் கெண்டையும் விராலும் பிடித்துப் பிழைப்பவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். நம் தொட்டி மீனால் அவர்கள் வலை கிழியலாகாது. ஆகவே சக்கர் மீன், பிரானா என்று சொல்லி விற்கப்படும் பாக்கு மீன், தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆகியவற்றை வளர்க்காதீர்கள். கேட்கும் கடைக்கும் இல்லை என்று சொல்லி விடுங்கள். தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து மூன்றடியாவது உயர்ந்திருக்கட்டும். வடிகால் குழாய்க்கு நைலான் வலை கட்டவும். கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் விடாமல் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சினால் நல்ல உரமும் ஆகும்.

அனுப்புவதற்கு முன்

வெளியிலிருந்து வாங்கிய தாய் மீனையும், சந்தையிலிருந்து திரும்பி வந்த மீனையும் இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். அத்தொட்டிக்குத் தனி வலை, தனி வாளி. உடலில் ரவை ஒட்டியது போல் வெண்புள்ளிகள் தெரிந்தாலும், துடுப்பை மடக்கிக் கொண்டு மூலையில் நின்றாலும், சுவரில் உடம்பைத் தேய்த்தாலும் நோய் என்று கொள்க. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றி, தினமும் அடியிலுள்ள கசடை உறிஞ்சி எடுத்து, காற்றைக் கூட்டினால் வெண்புள்ளி பெரும்பாலும் கட்டுப்படும். கடையில் கிடைக்கும் மனித மருந்து மாத்திரைகளைப் பொடித்துத் தொட்டியில் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது தவறு. மருந்துக்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்ப்பதாக முடியும். நோயுள்ள தொகுதியிலிருந்து நன்றாக இருப்பதைப் பொறுக்கி அனுப்புவது அதனினும் தவறு. கடையில் மூன்றாம் நாள் அத்தனையும் வெளுக்கும்.

அனுப்பும் நாளுக்கு முந்தைய 24 மணி நேரம் தீனியை நிறுத்தி விட வேண்டும். பெரிய மீனாக இருந்தால் இரண்டு நாள். மீனைப் பட்டினி போடுவதா என்று சிலர் தயங்குவர். வயிறு காலியாக இருந்தால்தான் பையில் கழிவு குறையும், மீன் பிழைக்கும். பிளாஸ்டிக் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் நிரப்புக. பையின் அடி மூலைகளை ரப்பர் வளையத்தால் கட்டி விட்டால் மீன் மூலையில் சிக்கி நசுங்காது. ஓர் அங்குல மீன் என்றால் லிட்டர் தண்ணீருக்கு இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து. சித்திரை, வைகாசியில் அதில் பாதி. "பாக்கெட்டுக்கு இன்னும் பத்து சேர்த்துப் போடுங்களேன், கடலூர் தூரந்தானே" என்று எடுக்க வருபவர் சொல்வார். கேட்கக் கூடாது. பேருந்து வழியில் நின்று விட்டால் அந்தப் பத்தோடு மற்றவையும் போகும். பைகளைத் தெர்மக்கோல் பெட்டியில் அடுக்கி, விடியற்காலை அல்லது இரவில் அனுப்புவது நல்லது. பேருந்தின் கூரை மேல் ஏற்றவே கூடாது.

போய்ச் சேர்ந்ததும் பையைத் திறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட வேண்டும். பிறகு திறந்து, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி, மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டலாகாது. நெடுந்தூரம் சென்ற பையைத் திறந்து வைத்துக் கொண்டு அரை மணி நேரம் பேசிக் கொண்டிருப்பதும் ஆபத்து. திறந்தவுடன் உள்ளே சேர்ந்திருந்த கரியமில வாயு வெளியேறி, தண்ணீரின் காரத் தன்மை உயர்ந்து, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறும்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் எண்ணி வைக்கவும். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தின் பல ஊர்களில் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றேனும் வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லாத நேரத்தில் தீனியை நிறுத்தி, குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டிருந்தால் ஓரளவு தாங்கும்.

கடைக்காரருடன் பேச்சு

பெரிய கடை விலையைக் குறைத்துத்தான் கேட்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். ஆயிரம் கப்பிக் குஞ்சு, ஒன்று 4 ரூபாய், ஒரு வாரத்தில் சாவதற்குப் பணம் கிடையாது என்று ஒரு கடை கேட்கிறது எனக் கொள்வோம். எண்ணிக்கையை நிரப்ப வயது வராத குஞ்சையும் சேர்த்து அனுப்பி, முந்நூறு செத்தால் கைக்கு வருவது 2,800 ரூபாய். அறுநூறு தேர்ந்த குஞ்சை 6 ரூபாய்க்குக் கொடுத்து, முப்பது செத்தால் 3,420 ரூபாய். தீனிச் செலவும் பைச் செலவும் குறைவு. வளர்ந்து கொண்டிருக்கும் நானூறு குஞ்சு தொட்டியில் மிச்சம். விலை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

ஆகவே எண்ணிக்கையை நாம் சொல்ல வேண்டும்; கடை சொல்லக் கூடாது. வாரம் நூறு, நூற்றைம்பது என்று பிரித்து அனுப்பினால் கடைத் தொட்டியும் தாங்கும். நம் மீனுக்குத் தனித் தொட்டி, மீன்களைக் கவனிக்க ஒரே ஆள், இறந்ததை அன்றன்றே எடுத்து எழுதி வைக்க ஒரு நோட்டு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கவும். வாரம் ஒரு முறை நாமே போய்ப் பார்த்து, அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ தீனி போடும் அளவைக் காட்டிக் கொடுத்து விட்டு வந்தால் அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. சம்பளம் வாங்கும் நாள்களில் விற்பனை கூடும் என்று முன்கூட்டியே சரக்கைக் குவிக்க விடாதீர்கள்.

வாங்கிச் செல்பவருக்கு ஒரு துண்டுச் சீட்டு அச்சிட்டுக் கொடுத்தால் நல்லது. மோலி மீனுக்கானது இப்படி இருக்கலாம்: "வளர்ந்தால் 3 அல்லது 4 அங்குலம் இருக்கும். 40 லிட்டர் தொட்டி வேண்டும். புதுத் தொட்டியில் முதல் மாதம் இரண்டு மீனுக்கு மேல் விடாதீர். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுக; முழுவதும் கொட்டிக் கழுவாதீர். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. வேண்டாத மீனை ஏரி, குளம், கிணற்றில் விடாதீர்; வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம்." கடைசி வாக்கியத்துக்குக் கடைக்காரர் ஒப்புக் கொள்ள வேண்டும். திரும்பி வரும் பெரிய மீனை நாம் எடுத்துக் கொள்வதாகச் சொன்னால் ஒப்புக் கொள்வார். நல்ல மோலி என்றால் நமக்குத் தாய் மீனாகப் பயன்படும்.

சென்னையின் கொளத்தூர் தமிழ்நாட்டு வண்ண மீன் வியாபாரத்தின் மையம். அங்கிருந்து பல ஊர்களுக்கும் மீன் போகிறது. ஆனால் வடலூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். கடலூர், சிதம்பரம், புதுச்சேரி, நெய்வேலி நகரியம் ஆகியவை நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கொளத்தூர் மீன் பயணக் களைப்போடு இங்கு வந்து சேரும்போது, நம் மீன் ஒரு மணி நேரத்தில் கடைத் தொட்டிக்குப் போய் விடும். சிறு விவசாயிக்கு உள்ள பெரிய சாதகம் இது.

2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா திட்டத்தில், புழக்கடை வண்ண மீன் வளர்ப்புக்கு அலகு ஒன்றுக்கு 3 இலட்ச ரூபாய் திட்டமதிப்பு வகுக்கப்பட்டது. இதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், மகளிர் மற்றும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 60 சதவீதமும் மானியம். இவ்வாண்டு நிதி ஒதுக்கீடு உண்டா, விண்ணப்பம் எப்போது என்பதைக் கடலூரிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறியவும். தொட்டி கட்டத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். கட்டிய பின் கேட்டால் பயனிராது. பயிற்சி பற்றிய விவரங்களுக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தையும், விருத்தாசலத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.